“ஜீயஸ் மேல் ஆணையாகச் சொல்லுங்கள், இந்தக் கதையை நம்புகிறீர்களா?”

கேள்வி இதுதான்: பண்டைய கிரேக்கர்கள் தங்கள் புராணக் கதைகள் நிஜமாகவே நடந்தவை என்று நம்பினார்களா, இல்லை நாம் படம் பார்ப்பது போலக் கதை என்று தெரிந்தே ரசித்தார்களா? நம்பினார்கள் என்றால், யாராவது ஒரு நாள் தெய்வங்கள் குடியிருப்பதாகச் சொன்ன ஒலிம்பஸ் மலைமேல் ஏறிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்குமே? கேட்டவர் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதிலை எதிர்பார்க்கிறார். ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தெய்வங்கள் இருப்பதாக நம்பினார்களா என்பது ஒன்று. தீசியஸ், ஹெராக்ளிஸ், அகமெம்னன் போன்ற புராண வீரர்கள் ஒரு காலத்தில் உயிரோடு நடமாடினார்கள் என்று நம்பினார்களா என்பது இன்னொன்று. இடுப்புக்குக் கீழே குதிரையான மனிதர்கள், பாம்புக் கூந்தல்காரி என்று கவிஞர்கள் பாடியதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டார்களா என்பது மூன்றாவது. முதலாவதற்கு மிகப் பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். இரண்டாவதற்கு ஏறக்குறைய எல்லோருமே ஆம். சண்டையெல்லாம் மூன்றாவதில்தான்.

நான் கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் கிரேக்கம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிற அளவுதான். கல்வெட்டுகளையும் அறிஞர்கள் படித்து அச்சிட்ட பாடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு உட்பட்டுச் சொல்கிறேன்.

இதே கேள்வியை ஒரு கிரேக்கரே இன்னொரு கிரேக்கரிடம் கேட்பதாக கி.மு. 370 வாக்கில் பிளேட்டோ எழுதியிருக்கிறார். ‘ஃபீட்ரஸ்’ என்ற உரையாடலில் வருகிறது. கோடைக்காலம், நண்பகல் நேரம். சாக்ரடீஸும் ஃபீட்ரஸும் ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே இலிசஸ் ஆற்றில் வெறுங்காலை நனைத்தபடி நடக்கிறார்கள். வடகாற்றுத் தெய்வமான போரியாஸ், ஒரெய்தியா என்ற ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போனது இங்கேதானே என்று ஃபீட்ரஸ் கேட்கிறார். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பெண் பிள்ளைகள் விளையாட ஏற்ற இடம் என்கிறார். சாக்ரடீஸோ வழி சொல்வது போலப் பதில் சொல்கிறார்: இங்கே இல்லை, இன்னும் இரண்டு மூன்று ஸ்டேடியம் (அக்காலத் தூர அளவு) கீழே, ஆற்றைக் கடக்கிற இடத்தில், அங்கே போரியாஸுக்கு ஒரு பலிபீடம்கூட இருக்கிறது. நம் கணக்கில் அரை கிலோமீட்டர் வரும். அப்புறம்தான் ஃபீட்ரஸ் அந்தக் கேள்வியைப் போடுகிறார்: “ஜீயஸ் மேல் ஆணையாகச் சொல்லுங்கள் சாக்ரடீஸ், இந்தக் கதை உண்மை என்று நீங்கள் நம்புகிறீர்களா?”

வகுப்பில் இந்த வரி வரும்போது கொஞ்சம் நிறுத்துவேன். கேட்பவர் ஒரு தெய்வக் கதையைச் சந்தேகிக்கிறார், சத்தியம் வாங்குவது இன்னொரு தெய்வத்தின் பெயரால். நம் ‘சத்தியமா’ போல அது வாய்ப்பழக்கமாகவும் இருக்கலாம். அதன்மேல் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் சாக்ரடீஸின் பதில் வாய்ப்பழக்கம் இல்லை. மெத்தப் படித்தவர்கள் செய்வது போல நானும் நம்பவில்லை என்று சொல்லிவிடலாம், அந்தப் பெண் பாறைமேல் விளையாடிக்கொண்டிருந்தபோது வடகாற்று அடித்துத் தள்ளிவிட்டது, செத்துப்போனாள், காற்று தூக்கிக்கொண்டு போனது என்று ஊர் சொல்லிற்று என்று விளக்கலாம் என்கிறார். ஆனால் அந்த வேலையைத் தொடங்கினால் அது லேசில் முடியாது. அடுத்தபடி பாதி குதிரையான செந்தார்களுக்கு விளக்கம் வேண்டும், அப்புறம் சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கைமேராவுக்கு, அப்புறம் பாம்புக் கூந்தல் கோர்கன்களும் சிறகுக் குதிரைகளான பெகாசஸ்களும் கூட்டமாக வந்து நிற்கும். எனக்கு அதற்கு நேரமில்லை. என்னையே இன்னும் நான் அறிந்துகொள்ளவில்லை. அதனால் இவற்றில் வழக்கத்தில் உள்ளதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடுகிறேன் என்று முடிக்கிறார்.

அந்த ஆற்றங்கரைக்கு ஒரு முன்கதை உண்டு. கி.மு. 480இல் பாரசீகக் கப்பற்படை வந்தபோது, உங்கள் மருமகனை உதவிக்குக் கூப்பிடுங்கள் என்று ஏதென்ஸ்காரர்களுக்குக் குறி வந்ததாம். போரியாஸ் கட்டிக்கொண்டது ஏதென்ஸ் ராஜா எரெக்தியஸின் மகளைத்தானே, ஆகவே அவர் ஊர் மாப்பிள்ளை. பலி கொடுத்துக் கூப்பிட்டார்கள். புயல் அடித்தது. குறைந்தபட்சக் கணக்கிலேயே 400 கப்பல்கள் போயின என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஊர் திரும்பியதும் இலிசஸ் கரையில் மாப்பிள்ளைக்குக் கோயில் கட்டினார்கள். போரியாஸ் அடித்தது உண்மையிலேயே இவர்கள் கூப்பிட்டதால்தானா என்று என்னால் சொல்ல முடியாது, ஏதென்ஸ்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஹெரோடோட்டஸ் விலகி நிற்கிறார். அடுத்த பத்தியில் இன்னும் ஒரு படி போகிறார்: பாரசீகப் பூசாரிகள் மந்திரம் ஓதி நாலாம் நாள் காற்றை அடக்கினார்கள், இல்லாவிட்டால் அது தானாகவே அடங்கியிருக்கலாம். இந்த ‘இல்லாவிட்டால்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இதை எழுதியவர் நாத்திகர் இல்லை. குறிகளிலும் தெய்வ தண்டனையிலும் அவருக்கு நம்பிக்கை உண்டு என்பதற்கு அவர் நூலில் சான்று நிறைய.

ஏன் இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்க முடிந்தது? உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். கிரேக்க சமயத்துக்கு வேதம் என்று ஒரு நூல் இல்லை. இதை நம்புகிறேன் என்று ஒப்பிக்கும் வாசகம் இல்லை. எது சரியான கதை என்று தீர்ப்பு சொல்ல அதிகாரம் பெற்ற மடமோ பூசாரிகளோ இல்லை. இலியட், ஒடிசி காவியங்களைப் பாடியதாகச் சொல்லப்படும் ஹோமருக்கும், ஹெசியடுக்கும் மரியாதை உண்டு, ஆனால் அவர்கள் கவிஞர்கள். ஹெசியட் தன் பாட்டின் தொடக்கத்திலேயே கலைத்தேவியர் தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார்: உண்மை போலவே பொய் சொல்லவும் எங்களுக்குத் தெரியும், நினைத்தால் உண்மையும் சொல்வோம். தெய்வங்களின் பிறப்பைச் சொல்லப்போகும் நூலுக்கு இப்படி ஒரு முகப்பு! நம்மிடமும் ‘கதை’ என்ற சொல் இரண்டு பக்கமும் பாய்கிறது. ஒருவர் தன் கதையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறோம், கதை விட்டால் எழுந்து போகிறோம். ‘மித்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் ஹோமரிடம் வெறும் ‘பேச்சு’ என்ற பொருளில் வந்து, பிறகு மெல்ல ‘கட்டுக்கதை’ப் பக்கம் சாய்ந்தது.

சமயம் என்பது முதன்மையாகச் செய்கையில் இருந்தது. பலி, ஊர்வலம், திருவிழா. இங்கே ஒரு சொல்லைப் பற்றி அறிஞர்களுக்குள் நெடுநாள் வாதம் உண்டு. சாக்ரடீஸ் மேல் கி.மு. 399இல் போட்ட வழக்கில், நகரம் ஏற்கும் தெய்வங்களை இவர் ஏற்பதில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. அந்த இடத்தில் வரும் ‘நோமிஸெய்ன்’ என்ற வினைக்கு ‘இருப்பதாக நம்புதல்’ என்று பொருளா, ‘வழக்கப்படி வழிபடுதல்’ என்று பொருளா? வழக்கம், சட்டம் என்ற பொருள்தரும் ‘நோமோஸ்’தான் அதன் வேர். என் கணிப்பில் அந்தக் காலத்து ஆளுக்கு அவை இரண்டாகப் பிரிந்தே தெரிந்திருக்காது. இது கணிப்புதான்.

ஒலிம்பஸுக்கு வருகிறேன். மலையின் உயரம் 2,900 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் இருந்தவர்கள் வருடாவருடம் அதன்மேல் பனியைப் பார்த்தவர்கள். இலியட் அதைப் ‘பெரும்பனி ஒலிம்பஸ்’ என்கிறது. ஒடிசியோ அங்கே காற்று அசைக்காது, மழை நனைக்காது, பனி அண்டாது, எப்போதும் தெளிந்த ஒளி என்று பாடுகிறது. இரண்டையும் ஒரே கவிஞர் பாடியதாகக் கேட்டவர்கள் யாரும் எழுந்து சண்டை போட்டதாகத் தெரியவில்லை. உச்சியை ஒட்டிய ஒரு சிகரத்தில் பலி கொடுத்த சாம்பலும் நாணயங்களும் ஜீயஸ் பெயர் பொறித்த கல்லும் கிடைத்திருக்கின்றன. ஆக, கேட்டவர் நினைத்தபடியே ஏறத்தான் செய்தார்கள். ஏறிப் பார்த்து யாரையும் காணோம் என்று திரும்பவில்லை. ஏறிப் பூஜை செய்துவிட்டு இறங்கினார்கள். மலை ஒரு இடம், தெய்வங்களின் ஒலிம்பஸ் அந்த இடத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த இன்னொன்று.

வீரர்கள் விஷயம் வேறு. இங்கே சந்தேகம் நுழையவே இல்லை என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பேரோஸ் தீவில் கி.மு. 264/3இல் வெட்டிய ஒரு கல், அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சம்பவங்களுக்கு ஆண்டு போடுகிறது. ட்ராய் நகரம் கிரேக்கர்களிடம் விழுந்தது 945 ஆண்டுகளுக்கு முன், அதாவது கி.மு. 1209/8, தார்கெலியோன் மாதம், மாத முடிவுக்கு முந்திய ஏழாம் நாள்! அதே கல்லில் அதே தோரணையில், ஏதென்ஸில் போர்த் தெய்வம் ஏரிஸுக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் நடந்த வழக்குக்கும் ஆண்டு கொடுத்திருக்கிறது. தெய்வங்கள் கோர்ட்டுக்கு வந்த வருடமும் பிற்கால வரலாற்றுச் சம்பவங்களும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கின்றன.

துசிடிடீஸ் போன்ற கறாரான வரலாற்றாசிரியரே ட்ராய் போரை எப்படிக் கையாள்கிறார் பாருங்கள். ஹோமர் கவிஞர், மிகைப்படுத்தியிருப்பார் என்று முதலில் தள்ளுபடி போடுகிறார். பிறகு அதே ஹோமரை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்: கப்பல்கள் 1,200, பியோஷியர்களின் கப்பலில் 120 பேர், ஃபிலோக்டெட்டிஸ் என்ற தலைவனின் கப்பலில் 50 பேர், பெரியதற்கும் சிறியதற்கும் சராசரி எடுத்தால் கிரேக்க நாடு முழுவதிலுமிருந்து வந்த படைக்கு அது அதிகமில்லை. பணத்தட்டுப்பாடு, உணவுக்கு வயல் உழவும் கொள்ளையடிக்கவும் ஆள் பிரிந்து போனார்கள், அதனால்தான் பத்து வருடம் இழுத்தது. தெய்வங்கள் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஆனால் போர் நடந்ததா என்ற கேள்வியும் இல்லை. ஊதிப் பெரிதாக்கியதை அழுத்திச் சிறிதாக்கினால் உண்மை கிடைக்கும் என்பதே அவர் நம்பிக்கை.

இந்த இடம்தான் என் பதிலின் முதுகெலும்பு. அவர்கள் எப்படிச் சந்தேகப்பட்டார்கள் என்று பார்த்தால் எப்படி நம்பினார்கள் என்பது தெரிந்துவிடும். மிலேட்டஸ் ஊர் ஹெக்கடேயஸ் கி.மு. 500 வாக்கில், கிரேக்கர்களின் கதைகள் பல, எனக்குச் சிரிப்பாக இருக்கின்றன, எனக்கு உண்மையாகப் படுவதை எழுதுகிறேன் என்று தொடங்கினார். சிரித்துவிட்டு என்ன செய்தார்? பாதாள நாய் செர்பெரஸ் உண்மையில் ஒரு விஷப்பாம்பு, அது கடித்தால் உடனே சாவு, அதனால் ‘யமனின் நாய்’ என்று பெயர் வந்தது, அதைத்தான் ஹெராக்ளிஸ் பிடித்துக்கொண்டு போனார் என்றார். நாய் போயிற்று, ஹெராக்ளிஸ் அப்படியே நிற்கிறார். பாலிஃபேட்டஸ் என்பவர் இதையே தொழிலாக வைத்து ஒரு புத்தகம் போட்டார். செந்தார்கள் பாதி குதிரை இல்லை, முதன்முதலில் குதிரை ஏறப் பழகிய இளைஞர்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மனிதனும் குதிரையும் ஒன்றாகத் தெரிந்தது. தன் நாய்களே கடித்துக் குதறிய அக்டேயன் யார்? வேட்டை நாய்க்குத் தீனி போட்டே சொத்தை அழித்த ஒரு ஆள். ‘பாவம், அவனை அவன் நாய்களே தின்றுவிட்டன’ என்று ஊர் பேசிற்று. படிக்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று கதைக்குப் பிறகு சலிக்கும். சாக்ரடீஸ் சொன்ன அலுப்பு இதுதான். ஒரு அக்டேயனே இருந்ததில்லை, யாரோ சும்மா கற்பனை செய்தார்கள் என்று பாலிஃபேட்டஸுக்குத் தோன்றவே இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பதில் அவருக்கு நம்மைவிட உறுதி.

வேறு திசையிலிருந்து வந்த எதிர்ப்பும் உண்டு. தத்துவக் கவிஞர் செனோஃபனீஸுக்குக் கதைகள் நடந்தனவா என்பது பிரச்சினை இல்லை; திருட்டு, கள்ள உறவு, ஏமாற்று என்று மனிதருக்கே இழுக்கானதை ஹோமரும் ஹெசியடும் தெய்வங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதே புகார். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்தால் தெய்வத்தை மாடாகவும் குதிரையாகவும் வரையும் என்றார். அவரும் தெய்வத்தை மறுக்கவில்லை, சரியான தெய்வம் ஒன்றைத் தேடினார். எதிர்முனையில் யூதிஃப்ரோ போன்றவர்கள். பிளேட்டோவின் உரையாடலில் அவர், ஜீயஸ் தன் அப்பாவையே கட்டிப்போட்டாரே, நான் என் அப்பாமேல் வழக்குப் போட்டால் என்ன தப்பு என்கிறார். இதெல்லாம் நிஜமாக நடந்தது என்றா நினைக்கிறீர்கள் என்று சாக்ரடீஸ் கேட்க, இதைவிட ஆச்சரியமானவையும் நடந்திருக்கின்றன, பலருக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்கிறார். யூதிஃப்ரோவைச் சற்றுக் கேலியாகத்தான் வரைந்திருக்கிறார் பிளேட்டோ. ஆனால் அப்படி ஆட்கள் இருந்திராவிட்டால் கேலி எடுபட்டிருக்காது.

சரி, சாதாரண மக்கள்? இங்கே சான்று மெலிந்துவிடுகிறது. நமக்குக் கிடைத்திருப்பது எழுத்தறிந்த ஆண்கள் எழுதியது. பெண்களும் அடிமைகளும் மேய்ப்பர்களும் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடிவது அபூர்வம். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் டயோனிசஸ் தெய்வம் மேடையில் சாட்டையடி வாங்குகிறது; பயந்துபோய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் சொந்தப் பூசாரியையே ‘காப்பாற்றும்’ என்று கூப்பிடுகிறது. நடந்தது டயோனிசஸின் திருவிழாவில். நாடகத்துக்கு முதல் பரிசு. இதை அவநம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது நெருக்கத்தின் அடையாளமாகப் படுகிறது, நிரூபிக்க வழியில்லை.

படித்தவன் நம்பவில்லை, பாமரன் நம்பினான் என்று வகுப்பில் பல வருடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பூகோள ஆசிரியர் ஸ்ட்ராபோ அப்படித்தான் எழுதுகிறார்: பெண்களையும் பெருங்கூட்டத்தையும் தத்துவத்தால் நடத்த முடியாது, பயமும் கதையும் வேண்டும். பாசனியாஸை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த பிறகு அதை நிறுத்திக்கொண்டேன். இவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டை ஊர் ஊராகச் சுற்றி எழுதியவர், நன்றாகப் படித்தவர். ஸ்பார்ட்டாவில் ஒரு கோயில் கூரையிலிருந்து நாடாவில் கட்டித் தொங்கிய முட்டையை, ட்ராய் போருக்குக் காரணமான ஹெலனின் தாய் லீடா இட்டதாகச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். கைரோனியா ஊரில் அகமெம்னனின் செங்கோல். கொல்லர் தெய்வம் ஹெஃபேஸ்டஸ் செய்ததாம். அதற்குத் தனிக்கோயில் இல்லை. அந்த வருடத்துப் பூசாரி தன் வீட்டில் வைத்திருப்பார், தினமும் பலி, பக்கத்தில் ஒரு மேசை நிறைய இறைச்சியும் பணியாரமும். ஹெஃபேஸ்டஸ் செய்ததாகப் பலர் காட்டும் பொருள்களில் நம்பத்தக்கது இது ஒன்றுதான் என்று பாசனியாஸ் முடிவு கட்டுகிறார். இன்றைய துருக்கியின் தென்மேற்கிலிருந்த லிசியாவில் பட்டாரா ஊர்க்காரர்கள் காட்டும் வெண்கலக் கிண்ணம் ஏன் போலி? வெண்கலத்தை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் சேமோஸ் தீவின் தியோடோரஸும் ரோய்கஸும், அது பிற்காலம் என்கிறார். தொழில்நுட்ப வரலாற்றை வைத்து ஒரு பொருளைப் போலி என்று நிறுவுகிற அதே கை, இன்னொன்றுக்குத் தெய்வம் செய்தது என்று சான்றிதழ் கொடுக்கிறது. இவர் பாமரரா, படித்தவரா? இன்னோரிடத்தில் அவரே சொல்கிறார்: எழுதத் தொடங்கியபோது இந்தக் கதைகளை அசட்டுத்தனம் என்று நினைத்தேன், ஆர்க்கேடியாவுக்கு வந்தபின் மனம் மாறிற்று, அந்தக் காலத்து அறிஞர்கள் நேராகச் சொல்லாமல் விடுகதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பால் வெய்ன் 1983இல் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஒரே மனிதர் ஒரே சமயத்தில் பலவகை உண்மைகளோடு வாழ முடியும் என்பது அதன் சாரம். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உண்மைகளுக்கு இடையே சுவர் இருந்தது போல ஒரு தோற்றம் அதில் வருகிறது. பாசனியாஸிடம் சுவர் எதுவும் தென்படவில்லை. செங்கோலும் கிண்ணமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.

கடைசியாக, இதெல்லாம் அரசியல் லாபத்துக்காகப் போட்ட வேஷமோ என்ற சந்தேகம் வரும். சில இடங்களில் வாசனை அடிக்கத்தான் செய்கிறது. கி.மு. 470களில் ஸ்கைரோஸ் தீவைப் பிடித்த ஏதென்ஸ் தளபதி சைமன் அங்கே ஒரு கழுகு கொத்திக் காட்டிய மேட்டைத் தோண்டி, பெரிய உடலும் வெண்கல ஈட்டியும் வாளும் எடுத்து, தீசியஸின் எலும்பு என்று கப்பலேற்றிக் கொண்டுவந்தார். ஊரே ஊர்வலமாக வந்து வரவேற்றது. புளூட்டார்க் இதை ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதுகிறார். ஸ்கைரோஸ் பிடிபட்டதைச் சொல்லும் துசிடிடீஸ் எலும்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சைமனுக்கு லாபம் என்பது சரி. ஆனால் லாபம் வந்ததே, தெருவில் நின்ற கூட்டத்துக்குத் தீசியஸ் நிஜமானவர் என்பதால்தான்.

இன்னொரு கல்வெட்டு இதைவிடத் தெளிவு. கி.மு. 206/5இல் நடுக்கிரேக்கத்தின் கிட்டெனியான் என்ற சிற்றூரிலிருந்து லிசியாவின் சேந்தோஸ் நகரத்துக்குத் தூதர்கள் வருகிறார்கள். நிலநடுக்கத்திலும் போரிலும் எங்கள் மதில் போயிற்று, கட்ட உதவுங்கள், நாம் சொந்தக்காரர்கள். எப்படிச் சொந்தம்? லேத்தோ தேவி அப்போலோவைப் பெற்றது உங்கள் ஊரில், அப்போலோவின் மகன் அஸ்க்லீபியஸ் பிறந்தது எங்கள் பக்கத்தில். ஹெராக்ளிஸ் வம்சத்திலும் நமக்குள் கொள்வினை கொடுப்பினை உண்டு. நூறு வரிக்கு மேல் ஓடும் கல்வெட்டு. சேந்தோஸ் மக்கள் உறவை முழுக்க ஒப்புக்கொள்கிறார்கள், தூதர்களைப் பாராட்டுகிறார்கள். பிறகு கையை விரிக்கிறார்கள்: பொதுக் கருவூலம் காலி, கடன் கழுத்தை நெரிக்கிறது, குடிமக்கள்மேல் புதிதாக வரி போட நாங்கள் முன்பே நிறைவேற்றிய தீர்மானம் இடம் கொடுக்காது. சாக்குகள் எல்லாம் பணத்தைப் பற்றித்தான். உங்கள் வம்சாவளி சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் செலவே இல்லாமல் தப்பித்திருக்கலாம், எழுதவில்லை. சொந்தக்காரர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று 500 டிராக்மா கொடுத்தார்கள். ஒரு மதிலுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த 500ஐயும் கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள்.